கிரைண்டரைப் போட்டால் ஆர்சிசிபி விழுகிறது: எர்த் பின்னை வெட்டலாமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் உங்கள் அம்மா தனியாக இருக்கிறார். நான்கு ஆண்டுகளாக அவர் பயன்படுத்தும் டேபிள் டாப் கிரைண்டர், ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து தொல்லை கொடுக்கிறது. காலையில் அரிசியைப் போட்டு சுவிட்சைத் தட்டியதும் மெயின் போர்டில் ஆர்சிசிபி என்ற கசிவுப் பாதுகாப்புக் கருவி விழுந்து வீடு முழுக்க மின்சாரம் போய்விடுகிறது. வெயில் அடித்த நாளில் பிற்பகலில் போட்டால் சில சமயம் ஓடுகிறது. பக்கத்து வீட்டில் கொண்டுபோய்ப் போட்டால் எந்தத் தொல்லையும் இல்லாமல் அரைக்கிறது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், கிரைண்டரில் கோளாறு இல்லை, ஆர்சிசிபிதான் தேவையில்லாமல் விழுகிறது, அதை எடுத்துவிடலாம், மனமில்லை என்றால் பிளக்கில் எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்.

இரண்டையும் செய்யாதீர்கள். இதைப் படித்ததும் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, கிரைண்டர் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவிவைக்கச் சொல்லுங்கள். சுவிட்சை அணைத்துவைத்தால் போதாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். பக்கத்து வீட்டிலும் இனி அதை ஓட்ட வேண்டாம். இரண்டு வாரத்துக்குக் கடையில் மாவு வாங்கிக்கொள்ளட்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வீட்டு வயரிங்கும் கிரைண்டர், மிக்ஸி பழுதுபார்ப்பும் எனக்குத் தொழில். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை ஒவ்வொரு மழைக்காலத்திலும் பார்க்கிறேன். காலையில் விழுகிறது, வெயிலில் ஓடுகிறது, பக்கத்து வீட்டில் ஓடுகிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலே கோளாறு எங்கே இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு முன்பு, விழுகிற அந்தக் கருவி என்ன பார்த்து விழுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

போர்டில் வரிசையாக இருக்கும் சிறிய சுவிட்சுகள் எம்சிபி. அவை அளவுக்கு மீறி கரண்ட் ஓடினாலோ, ஷார்ட் ஆனாலோ விழும். அவற்றைவிட அகலமாக, ‘டி’ (T) என்று எழுதிய சிறு பொத்தானோடு இருப்பது ஆர்சிசிபி. அதற்கு எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்பதைப் பற்றிக் கவலை இல்லை. ஃபேஸ் வழியாகப் போன கரண்ட் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வந்ததா என்று மட்டுமே அது பார்க்கிறது. திருமண மண்டப வாசலில் நின்று உள்ளே போன ஆட்களையும் வெளியே வந்த ஆட்களையும் எண்ணுகிறவரைப்போல. கணக்கில் குறைந்தால் இடையில் எங்கோ கசிந்து, எர்த் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ மனித உடல் வழியாகவோ தரைக்குப் போகிறது என்று பொருள். வீடுகளில் போடுவது 30 மில்லி ஆம்பியர் கருவி. தர விதிப்படி, கசிவு அதில் பாதிக்குக் கீழே, அதாவது 15 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருந்தால் அது விழக் கூடாது. 30-ஐத் தொட்டால் விழுந்தே ஆக வேண்டும். நடுவில் எந்த இடத்தில் விழும் என்பது கருவிக்குக் கருவி மாறும்.

30 மில்லி ஆம்பியர் என்பது கேட்பதற்குச் சிறிதாகத் தெரியும். சமையலறையில் ஈரக்கையோடு, ஈரத் தரையில், வெறுங்காலோடு நிற்கும் ஒருவரின் உடல் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். 230 வோல்ட்டில் அப்படிப்பட்டவர் வழியாக 230 மில்லி ஆம்பியர் போகும். நெஞ்சின் துடிப்பைக் குலைக்க அதில் ஒரு பங்கே போதும். அந்த அளவு கசிவில் நல்ல ஆர்சிசிபி ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் மின்சாரத்தை அறுத்துவிடும். அதிர்ச்சியை உணர்வார்கள், ஆனால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். அம்மா தனியாக இருக்கும் வீட்டில் இந்தக் கருவியை எடுக்கச் சொன்னவர் அவருக்கு நல்லது செய்யவில்லை. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வீட்டு இணைப்புகளுக்கு இந்த 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியிருப்பதும் இதனால்தான்.

இனி பக்கத்து வீட்டுக் கதைக்கு வருகிறேன். அங்கே ஓடியது கிரைண்டர் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்று அல்ல. அந்த வீட்டில் ஆர்சிசிபி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பழைய வீடாக இருந்தால் ஃபியூஸ் கட்டையோ வெறும் எம்சிபியோதான் இருக்கும். 20 மில்லி ஆம்பியர் கசிவை அவை கவனிக்கவே கவனிக்காது. ஆறு ஆம்பியர் எம்சிபிக்கு அது முந்நூறில் ஒரு பங்கு. அந்த வீட்டிலும் கிரைண்டர் அதே அளவு கசிந்துகொண்டுதான் ஓடியது. அங்கே எர்த் சரியாக இருந்திருந்தால் கசிவு அந்த வழியாக இறங்கிப் போயிருக்கும். எர்த் இல்லாமல் இருந்திருந்தால் கிரைண்டரின் உடம்பிலேயே காத்துக்கொண்டு நின்றிருக்கும்.

எர்த் பின்னை வெட்டினால் நடப்பதும் இதுவேதான். வெட்டியதும் ஆர்சிசிபி விழுவது நின்றுவிடும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சொன்னவருக்கும் நல்ல பெயர். ஆனால் கசிவு நிற்கவில்லை. கசிந்த கரண்ட் தரைக்குப் போக இருந்த ஒரே நல்ல வழியை அடைத்துவிட்டோம், அவ்வளவுதான். கிரைண்டரின் ஸ்டீல் டிரம், அடிப்பாகத்தின் இரும்புச் சட்டம், திருகாணிகள் எல்லாம் மின்னழுத்தத்தோடு நிற்கும். அடுத்த வழியாக யார் வந்து கை வைக்கிறார்களோ அவர்தான் எர்த் வயர். ஆர்சிசிபி இருந்தால் அந்த நொடியில் விழும். அம்மாவின் உடல் வழியாகக் கரண்ட் போன பிறகு விழும். எர்த் இருந்தபோது, யாரும் தொடுவதற்கு முன்பே விழுந்துகொண்டிருந்தது. அந்த வேறுபாட்டுக்காகத்தான் எர்த் வயரை இழுக்கிறோம்.

ஒரு வீட்டில் இப்படி வெட்டிய பிளக்கை நான் பார்த்திருக்கிறேன். கிரைண்டரில் மாவைத் தள்ளிவிடும்போது விரல் நுனியில் ‘சுர்’ என்று இருக்கிறது என்று அந்த வீட்டு அம்மாள் சொன்னார். ஆறு மாதமாக அப்படித்தான் இருந்திருக்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டு அரைத்தால் இல்லை என்பதால் செருப்போடு அரைத்துப் பழகிவிட்டார். டெஸ்டரை டிரம்மில் வைத்தேன், விளக்கு நன்றாகவே எரிந்தது. வீட்டில் ஆர்சிசிபியும் கிடையாது. பள்ளி விட்டு வரும் பேரன் வெறுங்காலோடு அந்தக் கிரைண்டர் பக்கம் நிற்பான் என்பதை அவர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. அன்றே புது பிளக் மாட்டி, கிரைண்டரை எடுத்துவந்து சரிசெய்து, அடுத்த வாரம் ஆர்சிசிபியும் வைத்துக் கொடுத்தேன்.

சரி, உங்கள் கிரைண்டருக்குள் என்ன நடந்திருக்கும்?

டேபிள் டாப் கிரைண்டரில் டிரம்மைத் தாங்கிச் சுழற்றும் தட்டிலிருந்து ஒரு தண்டு அடிப்பெட்டிக்குள் இறங்கும். அது இறங்கும் துளையைச் சுற்றி ரப்பர் சீல் இருக்கும். சில ஆண்டு ஓட்டத்தில் அந்த ரப்பர் கெட்டிப்பட்டு, ஓரம் தேய்ந்துவிடும். உளுந்து பொங்கி டிரம் விளிம்பைத் தாண்டி வழியும்போதோ, அரைத்து முடித்து மேலே தண்ணீர் ஊற்றிக் கழுவும்போதோ, துளி துளியாக உள்ளே இறங்கும். கீழே மோட்டார் இருக்கிறது. செம்புக் கம்பியின் மேல் மெல்லிய எனாமல் பூச்சு, அதைச் சுற்றிக் காகிதம், மேலே வார்னிஷ். கரண்டை அதன் இடத்தில் நிறுத்தி வைத்திருப்பது அவ்வளவுதான்.

வெறும் தண்ணீர் இறங்கினால் காய்ந்துவிடும். இங்கே இறங்குவது உப்புப் போட்ட மாவு. நம் வீடுகளில் மாவு இறக்குவதற்கு முன்பு கல் உப்பைப் போட்டு இரண்டு சுற்று விடுவது வழக்கம், சீராகக் கலக்கும் என்பதற்காக. அந்த உப்பு மாவு, வைண்டிங் எனும் அந்தச் செம்புக் கம்பிச் சுற்றின் மேல் காய்ந்து மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். உப்பின் குணம் உங்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிந்து நனைந்து கிடக்கும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. மோட்டாருக்குள் ஒட்டிய உப்பும் அதையேதான் செய்கிறது. இரவெல்லாம் ஈரம் இழுத்து, காலையில் நனைந்த உப்புப் படலமாக, வைண்டிங்குக்கும் மோட்டாரின் இரும்புக்கும் நடுவே பாலம் போட்டு நிற்கிறது. வெயில் ஏறி அறை சூடானால் காய்ந்து தடை கூடுகிறது, கிரைண்டர் ஓடுகிறது. மறுநாள் காலையில் மறுபடி விழுகிறது. உங்கள் அம்மா சொன்ன ‘பிற்பகலில் ஓடுகிறது’ என்ற ஒரு வரியைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

இப்படி வந்த கிரைண்டரைத் திருப்பிப்போட்டு அடித்தட்டைக் கழற்றினால் முதலில் வருவது புளித்த வாடை. தண்டைச் சுற்றி மஞ்சள் கலந்த வெள்ளையில் மாவு பொருக்குத் தட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினால் தகடு தகடாக உரியும். வயர் இணைப்புகளில் செம்பு பச்சை பூத்திருக்கும். அந்தப் பச்சையைப் பார்த்தால் உப்பு நீர் நெடுநாளாக வேலை செய்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். வெயிலில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும் என்று பலரும் இரண்டு நாள் மொட்டை மாடியில் வைப்பார்கள். ஈரம் போகும், உப்பு போகாது. அடுத்த மழைக்கு அதே கதைதான். மெக்கானிக் மோட்டாரை வெளியே எடுத்துப் படலத்தைக் கழுவித் துடைத்து, சூட்டில் உலர்த்தி, வார்னிஷ் ஊற்றி மறுபடி உலர்த்த வேண்டும். சீலையும் மாற்ற வேண்டும். சீலை மாற்றாமல் மோட்டாரை மட்டும் சரிசெய்து தருபவரிடம் அடுத்த ஆண்டும் போய் நிற்க வேண்டியிருக்கும். எனாமல் கருகியிருந்தால் வேறு வழியில்லை, புது வைண்டிங் கட்டத்தான் வேண்டும்.

நீங்களே மூடியைத் திறந்து பார்க்க ஆசைப்பட வேண்டாம். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

இவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவதற்கு முன்பு குற்றவாளி அதுதான் என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். வயரிங்கில் உள்ள கோளாறு கிரைண்டர் தலையில் விழுவதும் உண்டு. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை, பொறுமை போதும். ஊருக்குப் போகும்போது பகல் வெளிச்சத்தில், காலில் ரப்பர் செருப்போடு, காய்ந்த கையோடு செய்யுங்கள். அம்மாவைச் செய்யச் சொல்ல வேண்டாம்.

வீட்டிலுள்ள எல்லா பிளக்குகளையும் உருவுங்கள். ஃபிரிட்ஜ், மிக்ஸி, டிவி, தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி, கைப்பேசி சார்ஜர் வரை எல்லாவற்றையும். உருவ வேண்டும் என்று ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், சுவரிலுள்ள சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் அறுக்கிறது. நியூட்ரல் இணைந்தே இருக்கிறது. கருவிக்குள் நியூட்ரலும் உடம்பும் ஒட்டிக்கொண்டிருந்தால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஆர்சிசிபி விழலாம். பழைய வீடுகளில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பதும் அபூர்வம் அல்ல. அங்கே சுவிட்சை அணைத்த பிறகும் கருவிக்குள் முழு மின்னழுத்தம் நிற்கும்.

எல்லாம் உருவிய பின் ஆர்சிசிபியின் சுவிட்சை மேலே தூக்கிப் போடுங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் கோளாறு சுவருக்குள் இருக்கிறது, கிரைண்டர் மேல் பழி போட வேண்டாம். நின்றால், கிரைண்டர் பிளக்கை மட்டும் செருகுங்கள், சுவிட்சைப் போடாமல். செருகியதுமே விழுந்தால் நியூட்ரல் பக்கம் கசிவு. சுவிட்சைப் போட்டதும் விழுந்தால் வைண்டிங்கோ, கெப்பாசிட்டரோ, பிளக்கிலிருந்து வரும் வயரோ எர்த்தைத் தொடுகிறது. பத்து நிமிடம் ஓடிய பிறகு விழுந்தால் சூட்டில் இன்சுலேஷனின் விரிசல் திறக்கிறது அல்லது அரைக்க அரைக்க மாவு உள்ளே இறங்குகிறது. அந்த வயரை ஒரு முறை விரல்களுக்கிடையே ஓடவிட்டுப் பாருங்கள், பிளக்கை உருவிய பிறகுதான். அடுப்பு மேடையில் சூடான பாத்திரம் பட்டு உருகிய இடம், எலி கடித்த இடம், கிரைண்டருக்குள் நுழையும் இடத்தில் மடங்கி வெடித்த ரப்பர்; இவற்றில் ஒன்று இருந்தால் மோட்டாரைத் தொடாமல் வயரை மாற்றினாலே வேலை முடிந்துவிடலாம்.

அடுத்து, அதே சாக்கெட்டில் இஸ்திரிப் பெட்டியைச் செருகிச் சூடேற்றுங்கள். இஸ்திரிப் பெட்டிக்கும் விழுந்தால், அதையே வேறு அறையில் போட்டுப் பாருங்கள். சமையலறை சாக்கெட்டில் மட்டும் விழுந்தால் அந்த போர்டின் பின்னால் ஈரமோ, பூச்சியோ, தளர்ந்த வயரோ இருக்கிறது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இருக்கும் போர்டுகளில் இது அடிக்கடி நடக்கும். எல்லா அறையிலும், எந்தப் பெரிய கருவியைப் போட்டாலும் விழுந்தால், வீட்டின் எங்கோ ஓரிடத்தில் நியூட்ரல் வயர் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இந்தக் கோளாறுதான் அனுபவமுள்ளவர்களையும் ஏமாற்றுவது. சின்ன விளக்கு எரியும்போது நியூட்ரலில் ஓடும் கரண்ட் சொற்பம். அதில் எர்த் பக்கம் பிரிந்து போவது ஆர்சிசிபியை எட்டுவதில்லை. கிரைண்டரோ இஸ்திரிப் பெட்டியோ ஓடும்போது திரும்பி வரும் கரண்ட் பெரிதாகி, அதில் ஒரு பங்கு எர்த் வழியாகப் பிரிந்து போகிறது, உடனே விழுகிறது. கிரைண்டர் செய்த குற்றம், அது கரண்ட் எடுத்தது மட்டுமே. இதைக் கண்டுபிடிக்க எம்சிபிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் போதாது, அவையும் ஃபேஸை மட்டுமே அறுக்கும். மெயின் சப்ளையை நிறுத்திவிட்டு, நியூட்ரல் கட்டையிலிருந்து ஒவ்வொரு நியூட்ரலாகக் கழற்றிச் சோதிக்க வேண்டும். அது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை.

இன்வெர்ட்டர் மாட்டிய பிறகு இந்தத் தொல்லை தொடங்கியதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் வயரிங் செய்கிறவர்கள் அவசரத்தில் ஆர்சிசிபிக்கு முன்னால் உள்ள நியூட்ரலையும் பின்னால் உள்ள நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கிவிடுவதுண்டு. போன கரண்ட் ஒரு வழி, திரும்பிய கரண்ட் வேறு வழி என்றால் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

இன்னொரு சாத்தியம், எந்தக் கருவியிலும் பெரிய கோளாறு இல்லாமலே விழுவது. இண்டக்‌ஷன் அடுப்பு, கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் போன்றவற்றில் இருக்கும், மின் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் எர்த்துக்குப் போவது இயல்பு. அது விதிக்கு உட்பட்டதுதான். வீடு முழுவதுக்கும் ஒரே ஆர்சிசிபி இருந்தால் இவை எல்லாம் அதன் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். ஏற்கெனவே பத்து மில்லி ஆம்பியர் சேர்ந்திருக்கும்போது, ஐந்தாறு மில்லி ஆம்பியர் கசியும் சற்றே ஈரமான கிரைண்டரைப் போட்டால் விழுந்துவிடலாம். எல்லா பிளக்கையும் உருவிவிட்டுக் கிரைண்டரை மட்டும் போட்டபோது நிற்கிறது, மற்றவற்றோடு சேர்ந்தால் விழுகிறது என்றால் இந்தப் பக்கம் பாருங்கள். இதற்குச் சரியான வழி ஆர்சிசிபியை எடுப்பது அல்ல, 100 மில்லி ஆம்பியர் கருவியாக மாற்றுவதும் அல்ல; அது தீ விபத்தைத் தடுக்க உதவும், ஆள் உயிரைக் காக்கப் போதாது. சமையலறைக்கும் ஃபிரிட்ஜுக்கும் தனித்தனியாக ஆர்சிபிஓ வைப்பதுதான் வழி. எம்சிபியும் ஆர்சிசிபியும் சேர்ந்த ஒரே கருவி அது. கிரைண்டர் கசிந்தால் சமையலறை மட்டும் அணையும். இரவில் வீடு இருட்டாகாது, ஃபிரிட்ஜில் உள்ள பாலும் கெடாது. தனியாக இருக்கும் வயதானவருக்கு இந்தச் செலவு வீண் போகாது. வாங்கும்போது ‘ஏ’ வகை என்று கேட்டு வாங்குங்கள். எலக்ட்ரானிக்ஸ் உள்ள கருவிகளிலிருந்து வரும் கசிவு, சாதாரண ‘ஏசி’ வகையின் கண்ணில் படாமல் போகலாம்.

ஆர்சிசிபியே கெட்டுப்போயிருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கலாம், ஆனால் எனக்குத் தெரிந்தவரை அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது. வீட்டுக்குள் போகும் பக்கத்தில் எல்லா நியூட்ரலும் ஃபேஸும் கழற்றப்பட்ட நிலையிலும் விழுந்தால்தான் கருவியைக் குறைசொல்ல முடியும். அந்த ‘டி’ பொத்தானை அழுத்தினால் விழ வேண்டும்; மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள். ஆனால் அந்தப் பொத்தான் எர்த்தைச் சோதிப்பதில்லை. உள்ளேயே ஒரு சின்னத் தடை வழியாகப் போலிக் கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது, அவ்வளவுதான். எர்த் இல்லாத வீட்டிலும் அது விழும். எர்த் குழி காய்ந்து, கம்பி அரித்துப்போயிருந்தால் அதைத் தனியாக அளந்துதான் பார்க்க வேண்டும்.

மற்றக் கருவிகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை, ஏனென்றால் இதைப் படிக்கும் வேறு சிலருக்குக் கிரைண்டர் இல்லாமல் வேறொன்று விழச்செய்யலாம். ஓவன், கெட்டில், கீசர் போன்ற சூடேற்றும் கருவிகளில் சுருள் கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு பொடி அடைத்திருக்கும். பல மாதம் சும்மா இருந்தால் அந்தப் பொடி ஈரம் இழுத்துக்கொள்ளும், முதல் முறை போட்டதும் விழும். கடையில் கொடுத்தால் எலிமென்ட்டைச் சூட்டில் உலர்த்திப் பார்ப்பார்கள், தேறவில்லை என்றால் மாற்றுவார்கள். கீசர் என்றால் உலர்த்தும் பேச்சே வேண்டாம், பெரும்பாலும் எலிமென்ட்டில் ஊசித் துளை விழுந்திருக்கும். உறைபனி தானாகக் கரையும் வகை ஃபிரிட்ஜ் சில மணி நேரத்துக்கு ஒரு முறை, குறிப்பாக நள்ளிரவில் விழச்செய்தால் பனி கரைக்கும் ஹீட்டரைப் பாருங்கள். மிக்ஸியில் ஜாடிக்கு அடியில் கசிந்த தண்ணீரும், தேய்ந்த கார்பன் பிரஷின் கரித்தூளும் காரணம். கரித்தூள் மின்சாரத்தைக் கடத்தும்.

அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள் சிலர், ஊரில் நன்றாக ஓடிய மாடல்தான், 110 வோல்ட்டுக்கு வாங்கிவந்தது, இங்கே சிங்க் பக்கத்து சாக்கெட்டில் விழுகிறது என்று கேட்பதுண்டு. அங்கே சமையலறை சாக்கெட்டிலேயே பாதுகாப்புக் கருவி இருக்கும். கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் 1961-இல் உருவாக்கியது அந்த வகை. 4 முதல் 6 மில்லி ஆம்பியர் கசிவிலேயே அது அறுத்துவிடும். நம் ஊர் ஆர்சிசிபி பொறுத்துக்கொள்ளும் கசிவை அது பொறுக்காது. காரணமும் தேடும் முறையும் ஒன்றுதான்.

கிரைண்டரைக் கடைக்கு அனுப்பும்போது, ‘மெகர் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று சொல்லி அனுப்புங்கள். அது 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி. பிளக்கின் ஃபேஸ், நியூட்ரல் பின்களை ஒன்றாகச் சேர்த்து, அவற்றுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே அளப்பார்கள். கிரைண்டரின் சுவிட்ச் போட்ட நிலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் அளவுக்குள்ளேயே வராது. சாதாரண மல்டிமீட்டரை நம்ப வேண்டாம். அதன் சின்ன பேட்டரிக்குத் தெரியாத கசிவு 230 வோல்ட்டில் வெளிப்படும். 15 மில்லி ஆம்பியர் கசிய, தடை பதினைந்தாயிரம் ஓமுக்கு இறங்கியிருக்க வேண்டும். நல்ல மோட்டார் பத்து லட்சம் ஓமுக்கு, அதாவது ஒரு மெகா ஓமுக்கு எவ்வளவோ மேலே காட்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் கழற்றித்தான் பார்க்க வேண்டும். அளவைச் சொல்லாமல் ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்லும் கடையிலிருந்து வேறு கடைக்கு மாறுங்கள்.

திரும்பி வந்த பிறகு அம்மாவிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு. உப்பைக் கிரைண்டரில் போடாமல், மாவை எடுத்த பிறகு பாத்திரத்தில் போட்டுக் கையால் கலக்கட்டும். டிரம்மைத் தனியாகக் கழற்றிக் கழுவட்டும். அடிப்பெட்டியை ஈரத்துணியால் துடைத்தால் போதும், மேலே தண்ணீர் ஊற்ற வேண்டாம். உளுந்தை ஒரே முறையில் நிறையப் போட்டு வழியவிட வேண்டாம். மாவில் கை வைப்பதற்கு முன்பு சுவிட்சை அணைத்துப் பிளக்கை உருவுவது பழக்கமாகட்டும்.

சரிசெய்து வரும் நாளில் மெகர் காட்டிய எண்ணை ஒரு சீட்டில் தேதியோடு எழுதி, அடித்தட்டில் டேப் போட்டு ஒட்டிவையுங்கள். அடுத்த ஐப்பசியில் முதல் மழை பெய்த வாரத்தில் மறுபடி அளந்து அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெகுவாக இறங்கியிருந்தால் சீல் மறுபடி கசிகிறது என்று சந்தேகிக்கலாம். ஆர்சிசிபி விழும்வரை காத்திருக்காமல் அப்போதே மாற்றிவிடலாம்.